உலகம்மை நடந்து கொடுத்த நடை

நடப்பது உடம்புக்கு நல்லது. இதை மறுத்து இதுவரை ஒரு அரசாணையும் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நல்லது எதுவானாலும் சுற்றறிக்கையாக வந்து இறங்கினால்தான் நம்ம ஊரில் அதற்கு மதிப்பு. அப்படி நடைக்கும் ஒரு நாள் மதிப்பு வந்தது.

தென்காசியில் பருவகாலக் கடைகள் ஒப்புதல் அலுவலகம் என்று ஒன்று இருந்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் அருவிக்கரையில் கடை போடுகிறவர்கள் எல்லாரும் அங்கே போய் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். சிப்ஸ் பொரிக்கிறவர், துண்டு விற்கிறவர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், மங்குஸ்தான் பழம் கூறுகட்டி வைக்கிறவர், ஒருத்தருக்கும் விலக்கு கிடையாது. அருவி மட்டும்தான் யாரிடமும் ஒப்புதல் வாங்காமல் விழுந்துகொண்டிருந்தது.

உலகம்மை ஆச்சிக்குப் பேரருவிக்குப் போகிற பாதையில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. சீசனில் மூன்று மாதம் அந்தச் சட்டியில் எண்ணெய் கொதித்தால்தான் மற்ற ஒன்பது மாதம் நன்னகரத்தில் அவள் வீட்டு அடுப்பில் உலை கொதிக்கும். ஆகவே வருஷா வருஷம் முதல் சாரல் முகத்தில் அடித்ததும் மனுவை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் பஸ் ஏறிவிடுவாள்.

முன்னெல்லாம் அந்த அலுவலகம் ஒரே அறை. ஒரே நீள மேசை. எழுத்தர் சுபாஷ் மனுவை வாங்குவார். பக்கத்தில் ஜெயசித்ரா மேடம் சரிபார்ப்பார். அதற்கடுத்து அலுவலர் கிங்ஸ்லி சார் ஒப்புதல் கொடுப்பார். மூன்று பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்ததால் மனுவானது யாரையும் எழுப்பாமல் கைக்குக் கை நகர்ந்துவிடும். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் ஆச்சி ஒப்புதலோடு வெளியே வந்துவிடுவாள். இந்த அநியாயம் எத்தனையோ வருஷமாக நடந்துவந்தும் யார் கண்ணிலும் படவில்லை.

கடைசியில் மருத்துவ முகாம்தான் கண்டுபிடித்தது. அலுவலகத்தில் இருந்த பதினோரு பேருக்கும் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, “ஆபீஸ்ல உள்ளவங்க கொஞ்சம் எழுந்து நடந்தா என்ன?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் ஏதோ பேச்சுவாக்கில் கேட்டது. அது மேலே போய், இன்னும் மேலே போய், ‘அன்றாட அலுவல்களில் நடையைப் புகுத்துதல் தொடர்பாக’ என்று தலைப்புக் கட்டிக்கொண்டு சுற்றறிக்கையாகக் கீழே வந்து சேர்ந்தது.

சுற்றறிக்கையின் சாரம் இதுதான். மனுவானது ஒரு மேசையிலிருந்து மறுமேசைக்கு இனி நடந்தே கொண்டுசெல்லப்பட வேண்டும். அதற்கு ஏதுவாக மேசைகள் போதிய இடைவெளியில் அமைக்கப்பட வேண்டும். நடையானது ‘நடைச்செல்வம்’ என்ற கைபேசிச் செயலியில் பதிவாக வேண்டும். அதிகம் நடந்த அலுவலகத்துக்குக் கேடயம் உண்டு.

போதிய இடைவெளி என்றால் எவ்வளவு என்று சுற்றறிக்கையில் சொல்லவில்லை. அலுவலகமே கூடி மூன்று நாள் ஆலோசனை செய்து, கஞ்சத்தனம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. மனு வாங்குகிற மேசை தென்காசியிலேயே இருந்தது. சரிபார்க்கிற மேசை மேலகரத்துக்குப் போனது. ஒப்புதல் மேசை குற்றாலத்தில் ஒரு வாடகைப் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அருவிச் சத்தம் கேட்கிற அறைதான் கோப்பு பார்க்கத் தோது என்று கிங்ஸ்லி சார் குறிப்பு எழுதியிருந்தார்.

அலுவலகத்தில் நடை ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. பதினோரு பேர் காலிலும் கிளிப்பச்சை நிறத்தில் ஷூ ஏறியது. “வணக்கம்” என்று சொல்வது போய், “நடந்தாச்சா?” என்று கேட்பது வழக்கமாயிற்று. டீக்குச் சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெருமையில் வடையைக் கூடுதலாக இரண்டு தின்றார்கள். கிங்ஸ்லி சார் குற்றாலத்தில் பங்களாவுக்கு அடுத்த தெருவிலேயே வீடு பிடித்துக் குடியேறினார். அங்கிருந்து ஜீப்பில்தான் வருவார். ரோட்டில் நடந்தால் ஷூ அழுக்காகிவிடும் என்று அவருக்குக் கவலை.

இந்த விவரம் எதுவும் தெரியாமல்தான் உலகம்மை அந்த வருஷம் மனுவோடு போய் நின்றாள். சுபாஷ் மனுவை வாங்கி, முத்திரை குத்தி, திரும்ப அவள் கையிலேயே கொடுத்தார்.

“ஆச்சி, இத மேலகரத்துக்குக் கொண்டுபோகணும்.”

“கொண்டுபோங்க. ஆரு வேண்டாம்னா?”

“நான் கொண்டுபோனா தாமசமாவும். முந்தாநாள் ஒரு நடை போனதுக்கே குதிகால்ல கொப்புளம். சுற்றறிக்கைல நடந்து கொண்டுசெல்லப்பட வேண்டும்னுதான் போட்டிருக்கு. யாரு நடக்கணும்னு போடல. நான் மூணு மட்டம் வாசிச்சுப் பாத்துட்டேன்.”

“அப்ப சரி, வாசல்லயே பஸ்ஸு நிக்கி. ஏறிப் போயிருதேன்.”

“பஸ்ஸுல வந்த மனுவ அங்க வாங்க மாட்டாங்க.” சுபாஷ் தன் கைபேசியை எடுத்து அவள் கையில் வைத்தார். “இத இடுப்புல சொருகிக்கிடுங்க. இது எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும்.”

“எனக்கு எதுக்குய்யா இது?”

“உங்களுக்கு இல்ல ஆச்சி, எனக்கு. நீங்க நடந்தா நான் நடந்த கணக்கு.”

“அப்ப நான் வீட்டுல போய்ச் சாப்பிட்டா உங்க வயிறு ரொம்புமாய்யா?”

சுபாஷ் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். “அதுக்கு இன்னும் சுற்றறிக்கை வரல ஆச்சி.”

வேறு வழி? உலகம்மை நடந்தாள். பாதி வழியில் இடுப்பில் கைபேசி அலறியது. எடுத்துக் காதில் வைத்தாள். சுபாஷின் சம்சாரம்.

“எங்க இருக்கிய?”

“அவரு நடந்துக்கிட்டு இருக்காரும்மா.”

“யாரு அது? அவரு எங்க?”

“மேலகரம் கிட்ட வந்துட்டாரு. மூச்சு வாங்குது அவருக்கு.”

“மூச்சு உங்களுக்குல்லா வாங்குது! நீங்க யாரு?”

உலகம்மைக்குப் பொய் சொல்லத் தெரியாது. “இப்போதைக்கு நாந்தாம்மா அவரு.”

அன்று சாயங்காலம் சுபாஷ் வீட்டில் என்ன நடந்தது என்பது நமக்குத் தேவையில்லாத விஷயம்.

மேலகரத்தில் ஜெயசித்ரா மேடம் மனுவைப் பார்க்கவே இல்லை. கைபேசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“ஒரு இடத்துல நின்னிருக்கே?”

“தாகமா இருந்துச்சும்மா. எளநி குடிச்சேன்.”

“நீங்க குடிச்சீங்க. ஆனா ரிக்கார்டுல சுபாஷ் சார்தானே நிக்காரு? அலுவல் நேரத்துல அவரு எதுக்கு எளநிக் கடையில நின்னாருன்னு மேல கேட்டா நான் என்ன பதில் எழுதுவேன்?”

“தாகம்னு எழுதுங்க.”

“அவருக்குத் தாகம் இல்லையேம்மா! இப்பதான் ஆபீஸ் போனுக்குப் போட்டுக் கேட்டேன், டீ குடிச்சுக்கிட்டு இருக்காராம்.” மேடம் மனுவை மடித்து நீட்டினார். “நாளைக்கு முதல்ல இருந்து வாங்க. நிக்காம வாங்க.”

மறுநாள் உலகம்மை நிற்காமல் வந்தாள். மனுவில் கையெழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதென்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கடுத்த நாள் கையெழுத்து நேராக இருந்தது; போன மனுவில் சாய்ந்திருந்த கையெழுத்து இதில் எப்படி நேரானது என்று விளக்கம் கேட்டார்கள். உள்ளபடியே ஒரு குறையும் இல்லை. சுரண்டையில் இருந்த இதே மாதிரி ஒரு அலுவலகம் நடையில் முந்திக்கொண்டு போவதாகச் செய்தி வந்திருந்தது. திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு மனுவும் இன்னொரு நடை. நேர்மையாகச் சரிபார்த்து உடனே ஒப்புதல் கொடுக்கிற அலுவலகம் எந்தக் காலத்தில் கேடயம் வாங்கியிருக்கிறது?

ஆக, காலையில் குற்றாலத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறித் தென்காசிக்குப் போவார்கள். ஆளுக்கொரு கைபேசியை வாங்கிக்கொண்டு தங்கள் ஊருக்கே திரும்ப நடந்து வருவார்கள். உலகம்மையின் அடுத்த கடைக்காரர் யாக்கூப் பாய். துண்டும் சோப்பும் ஜட்டியும் விற்கிறவர். அவருக்கு வாய்த்தது ஜெயசித்ரா மேடத்தின் கைபேசி. அதில் அழைப்பு வந்தால் முருகன் பாட்டு கேட்கும். பாய் இடுப்பிலிருந்து முருகன் பாடப் பாட, பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

“அக்கா, அருவில தண்ணி வெள்ளமா விழுதாம். கூட்டம் அள்ளுதாம்.”

“சொல்லாதிய பாய். வயிறு எரியுது.”

“துண்டு இல்லாம சனம் சட்டையக் கழத்தித் தொவட்டுதாம்.”

“நடங்க பாய். நின்னா உங்க மேடத்துக்கு விளக்கம் கேப்பாவ.”

சாரலில் நனையாமல் மனுவைப் பாலிதீன் பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக இத்தனை பேர் நடப்பதைப் பார்த்து, வழியில் ஒரு வீட்டார் இவர்கள் பண்பொழி திருமலைக் குமாரசாமிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் என்றே நினைத்துவிட்டார்கள். பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றினார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் உலகம்மை காலில் சடாரென்று விழுந்தது.

“எத்தன நாள் விரதம் ஆச்சி?”

“அது நம்ம கையில இல்லம்மா. ஐயா மனசு எறங்கணும்.”

“எறங்குவாரு ஆச்சி. மலை மேல இருந்தாலும் நம்ம கஷ்டம் அவருக்குத் தெரியும்.”

“தெரியும் தெரியும்,” என்றாள் உலகம்மை. “ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருக்காரு.”

நாள் போகப் போக உலகம்மைக்கு ஒரு பேர் கிடைத்தது. அவள் நடை அலைபாயாது; டீக்கடையில் நிற்காது; ஓட்டமும் இல்லாமல் சோம்பலும் இல்லாமல் செக்குமாடு மாதிரி ஒரே சீராக இருக்கும். சுபாஷின் நடை மட்டும் செயலியில் அழகாக ஏறியதைப் பார்த்து மற்றவர்களுக்குப் பொறாமை. கடைசியில் பதினோரு பேரும் தங்கள் கைபேசிகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டார்கள். கிங்ஸ்லி சாரும் டிரைவர் மூலமாகத் தன்னுடையதை அனுப்பிவைத்தார்.

“ஆச்சி, இன்னைக்கு சாயங்காலம் சென்னையில இருந்து கேடயக் குழு வருது,” என்றார் சுபாஷ், குரலைத் தாழ்த்தி. “சுரண்டைக்காரங்க இன்னும் நமக்கு மேலதான் இருக்காங்க. இந்த ஒரு நடைய நல்லா நடந்து குடுத்துருங்க. மேலகரத்துல நீங்க நிக்கவே வேண்டாம், நேரா குற்றாலம். போனதும் சார் ஒப்புதல் போட்டுருவாரு.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அரசு ஊழியர் ஒருவர் குறிப்பு எதுவும் எழுதாமல் சத்தியம் செய்தது அதுதான் முதல் தடவை. உலகம்மை நம்பினாள். மத்தியானப் பசிக்கு இரண்டு நேந்திரம்பழத்தையும் அதே பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அங்கேதான் பிசகிவிட்டது. குற்றாலத்தில் பழம் உள்ள பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிற ஆள் ஒன்று வெளியூராக இருக்கவேண்டும், இல்லையென்றால் மனசு வேறெங்கோ இருக்கவேண்டும்.

பங்களா கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மதிலில் இருந்து ஒரு தாட்டியான கடுவன் குரங்கு இறங்கியது. அவசரமே இல்லாமல் வந்தது. பையை வாங்கிக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும். பிடுங்கியது என்று சொன்னால் அதன் நிதானத்துக்குச் செய்கிற அவமரியாதை. மதில், மின்கம்பம், மாமரம் என்று ஏறி, செண்பகாதேவி அருவிப் பக்கம் மலைக்குள் போய்விட்டது. பைக்குள்ளிருந்து முருகன் பாட்டு கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

உலகம்மை பங்களாவுக்குள் ஓடினாள். கிங்ஸ்லி சார் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“சார், போன் எல்லாத்தையும் கொரங்கு கொண்டுபோயிட்டு சார்!”

கிங்ஸ்லி சார் துள்ளி எழுந்தார். அதே வேகத்தில் கணினித் திரையைப் பார்த்தார். அப்படியே மெல்ல உட்கார்ந்தார். திரையில் அலுவலகத்தின் நடை விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. சுரண்டை பின்னால் போனது. திருநெல்வேலி போனது. மதுரை போனது. கிங்ஸ்லி சார் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“என்னா நடை!” என்றார். “ஒரு எடத்துல நிக்கல பாத்தீங்களா?”

“சார், வனத்துறைக்குச் சொல்லி யாரையாவது அனுப்பி…”

“ஒருத்தரும் போகக்கூடாது! அது பாட்டுக்கு வேலை பாக்கு. நாம எதுக்குக் குறுக்க போகணும்?”

“அது எப்படியும் போட்டும். என் ஒப்புதலப் போட்டுருங்க. சுபாஷ் சார் சத்தியம் பண்ணியிருக்காரு.”

“போட்டுரலாம். ஒரு நிமிஷ வேலை.” கிங்ஸ்லி சார் ஒரு பொத்தானை அழுத்தினார். அழுத்திவிட்டுத் தன் சட்டைப் பையைத் தடவினார். அப்புறம் மேலே மலையைப் பார்த்தார். “ஆச்சி… ஒப்புதல் ஏறணும்னா என் போனுக்கு ஒரு ஓடிபி வரும்.”

“வரட்டும்.”

“வந்துட்டு. கொரங்குகிட்ட.”

உலகம்மை கணக்குப் போட்டுப் பார்த்தாள். தென்காசிச் சுபாஷைத் தாண்டி, மேலகரத்து மேடத்தைத் தாண்டி, கிங்ஸ்லி சாரையும் தாண்டி, கடைசியில் தன் பிழைப்பு ஒரு கடுவன் குரங்கின் கையில் போய் நிற்கிறது. இனி அதற்கு எந்த முறையில் மனு எழுதுவது?

“சாயங்காலம் வர பொறுங்க,” என்றார் கிங்ஸ்லி சார். “குழு கேடயத்தக் குடுத்துட்டுப் போகட்டும். பொறவு ஆள் விட்டு எறக்கிரலாம்.”

“சாயங்காலத்துக்குள்ள அது போனத் தூக்கி அருவிக்குள்ள போட்டுட்டா?”

“போட்டா புது போன் வாங்கி, புது நம்பர் பதிஞ்சு, சென்னைக்கு எழுதி… தீபாவளிக்குள்ள வந்துரும்.”

தீபாவளிக்குக் குற்றாலத்தில் சிப்ஸ் யார் வாங்குவார்? அருவியே நூல் மாதிரி ஆகியிருக்கும். உலகம்மை வெளியே வந்தாள். நேரே தன் கடைக்குப் போனாள். படுதாவை விலக்கி அடுப்பைப் பற்றவைத்தாள்.

யாக்கூப் பாய் பதறி ஓடி வந்தார். “அக்கா! ஒப்புதல் இல்லாம அடுப்பு மூட்டுனா கடைய எடுத்துருவாங்க!”

“விக்கதுக்குத்தான பாய் ஒப்புதல்? நான் விக்கப் போறேன்னு ஆரு சொன்னா?”

“பொறவு ஆருக்கு?”

“ஆபீஸர் ஒருத்தரு மலையில இருக்காரு. அவருக்கு.”

“கொரங்குக்கு எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு ஊரெல்லாம் போர்டு வச்சிருக்கானே!”

“நான் ஏன் கொடுக்கேன்? சிப்ஸத் தட்டுல வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பி நிப்பேன். நம்ம ஆபீஸுல வாங்குற மாதிரிதான்.”

தேங்காயெண்ணெய் காய்ந்தது. நேந்திரங்காயைச் சீவிச் சீவி நேராகச் சட்டிக்குள் விட்டாள். மஞ்சத்தண்ணியும் உப்பும் சேர்ந்து அந்த வாசம் சாரல் காற்றில் ஏறி மலைக்குள் போனது. அருவிக்குப் போகிற கூட்டம் மோப்பம் பிடித்து நின்றது. “விக்கதுக்கு இல்ல, ஆபீஸ் காரியம்,” என்று பாய் எல்லாரையும் விலக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தகரக் கூரை மேலே தொம்மென்று சத்தம். கடுவன் வந்துவிட்டது, கையில் பையோடு.

அது தட்டைப் பார்த்தது. பையைப் பார்த்தது. இரண்டு கையும் சிப்ஸுக்கு வேண்டியிருந்ததால் பையைக் கீழே விட்டது. பை மண்ணில் விழுவதற்கு முன்னால் உலகம்மை மடியில் ஏந்திவிட்டாள்.

அவள் பையோடு பங்களாவுக்குள் நுழைந்தபோது கேடயக் குழு வந்து உட்கார்ந்திருந்தது. தலைவர் கண்ணாடி போட்ட பெரியவர். அவர் காலிலும் கிளிப்பச்சை ஷூ. எதிரே அலுவலகத்தார் பதினோரு பேரும் காலில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடந்து நடந்து கால் புண்ணாகிவிட்டதால் குழுவின் முன் நடந்து காட்ட இயலாமைக்கு வருந்துகிறோம் என்று ஏற்கெனவே தெரிவித்திருந்தார்கள்.

தலைவர் திரையைப் பார்த்து வியந்துகொண்டிருந்தார். “தேனருவி வரைக்கும் போயிருக்கீங்களே! அங்கெல்லாம் பொதுமக்கள் போக அனுமதி கிடையாதே?”

“நாங்க பொதுமக்கள் இல்லையே சார்,” என்றார் கிங்ஸ்லி சார்.

“உயரம் வேற காட்டுது. மரத்து மேல எல்லாம் ஏறின மாதிரி?”

“கள ஆய்வு சார்.”

“பதினோரு பேரும் ஒரே நேரத்துல ஒரே மரத்துலயா?”

“ஒத்துமை சார். எங்க ஆபீஸ்ல அதான் முக்கியம்.”

தலைவருக்கு மெய்சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் உலகம்மை நிற்பதைக் கவனித்தார். “இந்த அம்மா யாரு?”

பதினோரு பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் கையில் மஞ்சப்பை. அதற்குள்ளிருந்து சரியான நேரத்தில் முருகன் பாட ஆரம்பித்தார். ஜெயசித்ரா மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

உலகம்மை வாயைத் திறந்தால் போதும். இளநீர்க் கடையிலிருந்து குரங்கு வரைக்கும் எல்லாம் கொட்டிவிடும். ரோட்டில் மனுவோடு அலைகிற அத்தனை கடைக்காரருக்கும் அன்றைக்கே விடுதலை. அவளுக்கும் அது தெரிந்தது. சொல்லத்தான் வாய் எடுத்தாள். ஆனால் எல்லாரையும் சேர்த்து விசாரணை வைத்தால் அது முடிய இன்னொரு சீசன் ஆகும். பெரியவர் கேள்வி கேட்டு, இவர்கள் விளக்கம் எழுதி, அதற்குள் அருவி வற்றிவிடும். தன் மனுவோ ஒரே ஒரு ஓடிபி தூரத்தில் இருந்தது.

“இவங்கதான் சார் எங்களுக்கு நடைப் பயிற்சி குடுக்காங்க,” என்றார் கிங்ஸ்லி சார்.

உலகம்மை மெதுவாக அவர் பக்கத்தில் போய், அவர் கைபேசியைத் தேடி எடுத்து நீட்டினாள். “ஆமாய்யா,” என்றாள் தலைவரிடம். “எல்லாரும் நல்லா நடக்காவ.” பிறகு குனிந்து கிங்ஸ்லி சார் காதில், “மறுபடி பொத்தான அமுக்கி, நம்பரப் பாத்து அடிங்க சார். இன்னும் ரெண்டு சொட்டு சார்ஜ்தான் இருக்கு,” என்றாள்.

ஒப்புதல் ஏறியது.

தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். கேடயத்தைக் கிங்ஸ்லி சார் கையில் கொடுத்தார். அவர் எழுந்து வாங்கினார். காலில் புண் என்பது ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தார். “இந்த முறை ஊரெல்லாம் பரவணும்,” என்றார் தலைவர். “மாநிலம் பூரா எல்லா அலுவலகத்துலயும் மேசைய மூணு ஊருக்குப் பிரிச்சிருவோம். முதல்ல இந்தப் பயிற்சியாளர் அம்மாகிட்ட இருந்தே தொடங்கலாம்.” உலகம்மையின் ஒப்புதலைத் திரையில் திறந்து, தன் கையாலேயே ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். ‘ஒப்புதல் பெறும் கடைக்காரர், தம் வாடிக்கையாளரின் அன்றாட வாழ்விலும் நடையைப் புகுத்தக் கடமைப்பட்டவர் ஆவார்.’

மறுநாள் காலையில் கடை திறந்தது. உலகம்மை முக்காலியைப் போட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவள்தான். இத்தனை நாள் பதினோரு பேருக்காக நடந்த கால் இரண்டும், இனி எழுந்திருக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டன.

முதல் ஆள் சங்கரன்கோவில்காரர். தலை ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. காலில் கிளிப்பச்சை.

“கால் கிலோ சிப்ஸ் குடுங்க ஆச்சி.”

சிப்ஸ் பக்கத்துக் கூடையில்தான் இருந்தது. காகிதப்பை மட்டும் ஆணியில் தொங்கியது. எடுக்கவேண்டும் என்றால் எழுந்திருக்கவேண்டும். உலகம்மை ஆணியைப் பார்த்தாள். முழங்காலைத் தடவினாள். நிபந்தனை ஞாபகம் வந்தது.

“ஐயா, பைய பழைய குற்றாலத்துல குடுக்காவ. ஒரு எட்டுப் போய் வாங்கிட்டு வந்துருங்களேன்.”

பழைய குற்றாலம் எங்கே கிடக்கிறது! ஏச்சு விழும் என்றுதான் அவள் காத்திருந்தாள். அவர் முகம் மலர்ந்தது. “நடந்துதான போகணும்?”

“நடந்துதான்.”

அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த, நடை எண்ணும் கடிகாரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பினார். பக்கத்தில், கேடயம் வந்த சந்தோஷத்தில் ஒப்புதல் கிடைத்துவிட்ட யாக்கூப் பாய் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். துண்டு கேட்டு வந்தவரிடம், “நிறம் என்னன்னு ஐந்தருவிப் பக்கம் போய் எழுதி வாங்கிட்டு வாங்க,” என்று சொல்லும் சத்தம் கேட்டது. அவரும் போனார்.

மத்தியானம் சங்கரன்கோவில்காரர் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். பழைய குற்றாலத்தில் பை கொடுப்பவர் யாரும் இல்லை. அதை அவர் ஒரு குறையாகவே சொல்லவில்லை. “ரொம்ப சந்தோஷம் ஆச்சி! டாக்டர் சொன்ன நடை இன்னைக்கு முடிஞ்சிட்டு,” என்று கும்பிட்டுவிட்டு, சிப்ஸை மறந்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் போய்விட்டார்.

உலகம்மை கூப்பிடலாம் என்றுதான் நினைத்தாள். கூப்பிட்டால் எழுந்து போய்க் கொடுக்கவேண்டும். அடுத்து நின்றவரைப் பார்த்தாள்.

“நீங்க ஆருய்யா? உங்களுக்குப் பொறவு தாரேன். மொதல்ல அந்தா போறாருல்லா, அவருகிட்ட இதக் கொண்டு சேத்துட்டு வாங்க.”

அந்த ஆள் சிப்ஸை வாங்கக் கையை நீட்டுவதற்குள், பின்னாலிருந்து ஒரு அம்மா முண்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

“அவரு காலையிலேயே நடந்துட்டாரு ஆச்சி. இப்ப என்னைய அனுப்புங்க.”